ராச்செஸ்டர்: கதீட்ரல் இருக்கிறது, சிட்டி இல்லை

இங்கிலாந்தில் யாரைக் கேட்டாலும் கதீட்ரல் இருக்கிற ஊர்தான் சிட்டி என்பார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது, வழிவழியாக வந்த நம்பிக்கை. எட்டாம் ஹென்றி 1540-களில் புதிய மறைமாவட்டங்களை ஏற்படுத்தியபோது அவற்றின் தலைமை ஊர்களைச் சிட்டி ஆக்கினார். பிரிஸ்டல், செஸ்டர், ஆக்ஸ்ஃபோர்டு, பீட்டர்பரோ எல்லாம் அப்படி வந்தவை. அதிலிருந்து இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் ஜனங்கள் மனதில் ஊன்றிவிட்டது. ஆனால் கில்ஃபோர்டில் கதீட்ரல் உண்டு, சிட்டி கிடையாது. பிளாக்பர்னும் அப்படியே. பர்மிங்காம் 1889-இல் சிட்டி ஆனபோது அங்கே ஆங்கிலிக்கன் கதீட்ரலே இல்லை. இன்றைக்குச் சிட்டி என்பது அரசரின் முத்திரையோடு வரும் ஒரு பத்திரம். வீட்டுப் பத்திரத்தைப் போலவே இதிலும், அது யார் பேரில் எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ராச்செஸ்டரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நான் அதற்கு அடுத்த ஊரான சாட்டத்தில் குடியிருக்கிறேன். லண்டனுக்குக் கிழக்கே, கென்ட் பகுதியில், மெட்வே ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ராச்செஸ்டர் இருக்கிறது. 604-இல் இங்கே பிஷப் பீடம் அமைந்தது. பழமையில் கேன்டர்பரிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 1211 முதல் இது சிட்டியாக ஏற்கப்பட்டிருந்தது. 1998 ஏப்ரல் 1-ஆம் தேதி காலையில் அந்தப் பட்டம் இல்லாமல் போனது. கதீட்ரல் அப்படியே நின்றது, கோட்டை நின்றது, ஜனங்கள் வேலைக்குப் போனார்கள். 787 வருஷமாக இருந்த ஒன்று போய்விட்டது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கவுன்சிலுக்கே 2002 வரை தெரியாது. அரசின் சிட்டிப் பட்டியலில் ராச்செஸ்டர் பெயரைக் காணோமே என்று அந்த வருஷம்தான் கண்டுபிடித்தார்கள்.

எப்படிப் போனது என்று சொல்வதற்கு முன்னால், இந்த ஊரை இப்போது யார் ஆள்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது.

எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் குடிவந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அந்தத் தங்கை, முதல் கவுன்சில் டாக்ஸ் பில் வந்ததும் எடுத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணா, இதுல மூணு நாலு பேர் பேர் போட்டிருக்கே. எல்லாருக்கும் தனித்தனியா கட்டணுமா?”

“இல்லம்மா, மொத்தமா மெட்வே கவுன்சிலுக்குக் கட்டினா போதும். அவங்க பிரிச்சுக் கொடுத்துடுவாங்க.”

மேசையில் விரித்து வைத்து வரிவரியாகப் பார்த்தோம். பெரிய தொகை மெட்வே கவுன்சிலுக்கு. அதிலேயே ஒரு பகுதி முதியோர் பராமரிப்புக்கு என்று தனியாகக் காட்டியிருக்கும். அடுத்தது கென்ட் போலீஸ் கமிஷனருக்கு. அடுத்தது கென்ட் தீயணைப்புத் துறைக்கு. கிராமப் பக்கத்து வீடாக இருந்தால் பாரிஷ் கவுன்சிலுக்கு என்று இன்னும் ஒரு வரி வரும். எங்கள் பகுதிக்கு அது கிடையாது.

“ராச்செஸ்டர்னு ஒண்ணுமே இல்லையே? அங்கதானே கோட்டை, சர்ச்சு, மியூசியம் எல்லாம் இருக்கு?” என்று கேட்டார். நல்ல கேள்வி. ராச்செஸ்டர் ஹை ஸ்ட்ரீட்டிலேயே குடியிருந்தாலும் பில்லில் ராச்செஸ்டர் என்று ஒரு வரி வராது. அந்தப் பெயரில் ஒரு கவுன்சில் இல்லை. பாரிஷ் கவுன்சில்கூட இல்லை. ராச்செஸ்டரின் ரோடு, பள்ளிக்கூடம், குப்பை, கட்டட அனுமதி எல்லாவற்றையும் கவனிக்கும் மெட்வே கவுன்சிலின் தலைமை அலுவலகம் சாட்டத்தில், கன் வார்ஃபில் இருக்கிறது.

பக்கத்து மெய்ட்ஸ்டனில் கதை வேறு. அங்கே இரண்டு அடுக்கு. குப்பை அள்ளுவது மெய்ட்ஸ்டன் மாவட்ட கவுன்சில். அள்ளிய குப்பையை என்ன செய்வது என்பது கென்ட் கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு. ரோடும் பள்ளியும் கவுண்டியிடம், வீட்டு அனுமதி மாவட்டத்திடம். மெட்வேயில் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இதை இங்கே யூனிட்டரி என்கிறார்கள். ஆக, கென்ட் கவுண்டி கவுன்சிலுக்கு மெட்வேயில் அதிகாரம் இல்லை. ஆனாலும் போலீஸும் தீயணைப்பும் கென்டோடு சேர்ந்தே இருக்கின்றன. அரசரின் பிரதிநிதியாக இருக்கும் லார்ட் லெஃப்டினன்டும் கென்டுக்கெல்லாம் சேர்த்து ஒருவர்தான். பாராளுமன்றத் தொகுதியின் பெயர் ராச்செஸ்டர் அண்ட் ஸ்ட்ரூட். ராயல் மெயிலுக்கு ராச்செஸ்டர் என்பது ஒரு தபால் ஊர். ஆற்றுக்கு அக்கரையில் ஹூ தீபகற்பத்துக் கிராமத்து வீடுகளுக்கும் விலாசத்தில் ராச்செஸ்டர் என்றே வரும். தபால்காரருக்கும் எம்.பி.க்கும் பிஷப்புக்கும் ராச்செஸ்டர் உண்டு. உள்ளாட்சியில் மட்டும் இல்லை.

இனி அது போன கதை.

1974 வரை ராச்செஸ்டருக்குச் சொந்தமாக ஒரு சிட்டி கவுன்சில் இருந்தது. அக்கரையில் இருக்கும் ஸ்ட்ரூடும் அதன் எல்லைக்குள்தான். 1972-ஆம் வருஷத்து உள்ளாட்சிச் சட்டம் 1974 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கிலாந்து முழுவதும் நூற்றுக்கணக்கான பழைய நகர கவுன்சில்கள் கலைந்து பெரிய மாவட்டங்களாயின. ராச்செஸ்டர், சாட்டம், ஸ்ட்ரூடைச் சுற்றிய கிராமங்களில் பெரும்பகுதி, மூன்றும் சேர்ந்து மெட்வே பரோ என்ற மாவட்டமானது. சாட்டத்துக்கு அடுத்த ஊரான ஜில்லிங்கம் தனியாக நின்றது.

புதிய கவுன்சில் உடனே ஒரு கோரிக்கை வைத்தது: ராச்செஸ்டரின் சிட்டிப் பட்டத்தை எங்கள் முழு பரோவுக்கும் கொடுங்கள் என்று. மறுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, பழைய ராச்செஸ்டர் எல்லைக்குள் இருந்த நிலப்பரப்புக்கு மட்டும் அந்தப் பெருமை தொடரும் என்று புதுப் பத்திரம் வந்தது. என் பார்வையில் ராச்செஸ்டருக்குக் கிடைத்த மிக நல்ல ஏற்பாடு அதுதான். கவுன்சில் போனாலும் மண்ணுக்குப் பட்டம் இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். பரோவின் பெயரில் ராச்செஸ்டர் இருந்தால் முழுப் பகுதிக்கும் பட்டத்தை நீட்டிக்கலாம் என்று உள்துறை சொல்லியிருந்தது. 1979-இல் மெட்வே பரோ தன் பெயரை ராச்செஸ்டர் அப்பான் மெட்வே என்று மாற்றிக்கொண்டது. 1982-இல் இன்னொரு பத்திரம் வந்தது, முழு பரோவும் சிட்டி ஆனது. பார்ப்பதற்கு இது பெரிய வளர்ச்சி. சாட்டத்துக்காரர்களும் சிட்டிவாசிகள் ஆனார்கள். ஆனால் உள்ளே நடந்தது என்னவென்றால், ஒரு மண்ணின் பேரில் இருந்த பத்திரம் ஒரு மாவட்ட நிர்வாகத்தின் பேருக்கு மாறிவிட்டது. நிர்வாகம் இருக்கும்வரை பட்டம் இருக்கும். நிர்வாகத்தைக் கலைத்தால் பட்டமும் கலையும்.

16 வருஷத்தில் கலைத்தார்கள். 1998-இல் ராச்செஸ்டர் அப்பான் மெட்வேயும் ஜில்லிங்கமும் ஒன்றாகி இன்றைய மெட்வே யூனிட்டரி உருவானது.

இப்படி நடந்தால் பட்டத்தைக் காப்பாற்ற சட்டத்திலேயே வழி இருக்கிறது. சார்ட்டர் டிரஸ்டிகள் என்று ஒரு ஏற்பாடு. கலைந்துபோன ஊரின் வார்டுகளிலிருந்து தேர்வான கவுன்சிலர்களே டிரஸ்டிகள் ஆவார்கள். தனித் தேர்தல் வேண்டாம், பெரிய அலுவலகம் வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை கூடி ஒரு மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள், பழைய செங்கோலையும் சங்கிலியையும் சாசனங்களையும் பார்த்துக்கொள்வார்கள். ரோடு போடும் அதிகாரமெல்லாம் அவர்களுக்கு இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த ஊர் ஓர் ஆளாக உயிரோடு இருக்கும். பாத் நகரத்தின் கவுன்சில் 1996-இல் கலைந்தபோது அங்கே இதைச் செய்தார்கள். இன்றைக்கும் பாத் சிட்டி, அதற்கென்று ஒரு மேயர் உண்டு. ஹெரிஃபோர்டு, ராச்செஸ்டரைப் போலவே 1998-இல்தான் கவுன்சிலை இழந்தது. அங்கேயும் டிரஸ்டிகளை வைத்தார்கள். பிறகு 2000-இல் பாரிஷ் கவுன்சில் அமைத்துப் பட்டத்தை அதன் கையில் கொடுத்தார்கள்.

ராச்செஸ்டரில் போகிற கவுன்சில் டிரஸ்டிகளை நியமிக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான். இதில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. பெரிய செலவு வைக்காத, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு ஏற்பாடு. இரண்டு பழைய கவுன்சில்கள் ஒன்றாகிற நேரத்தில் ஆள் குறைப்பு, கட்டடம், கடன், யார் தலைவர் என்று ஆயிரம் வேலை இருந்திருக்கும். ஆனால் ஓர் ஊரின் எட்டு நூற்றாண்டை ஒப்படைக்கும்போது, கடைசிக் கூட்டத்தின் முதல் தீர்மானமாக அது இருந்திருக்க வேண்டும்.

ராச்செஸ்டர் ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தால் இந்த ஆதங்கம் ஏன் என்று உங்களுக்கே புரியும். ஆற்றுப் பாலத்திலிருந்து ஆரம்பித்தால் முதலில் கில்டுஹால் வரும். 1687-இல் கட்டிய செங்கல் கட்டடம், கூரைமேல் காற்றுக்குத் திரும்பும் கப்பல். ஊர் மேயரும் கவுன்சிலர்களும் கூடிய இடம் அது. இப்போது மியூசியம். கொஞ்சம் தள்ளிப் போனால் தெருவின் மேல் நீட்டிக்கொண்டு ஒரு பெரிய கடிகாரம் தொங்கும். கடற்படைத் தளபதி சர் கிளவுட்ஸ்லி ஷோவெல் 1706-இல் தன் செலவில் ஊருக்குக் கட்டிக் கொடுத்த கட்டடத்தில் அது இருக்கிறது. இடது பக்கத்தில் ஆறு ஏழை வழிப்போக்கர் இல்லம். 1579-இல் இறந்த ரிச்சர்ட் வாட்ஸ் என்பவர் எழுதிவைத்த உயிலின்படி, ஆறு வழிப்போக்கர்களுக்கு ஒரு ராத்திரி படுக்கையும் நாலு பென்ஸும் கொடுத்த வீடு. 1940 வரை கொடுத்தார்கள். அந்த அறக்கட்டளை இன்றும் முதியோருக்கு வீடுகள் கொடுத்து நடந்துகொண்டிருக்கிறது.

இந்தத் தெருவில் எனக்கு மிகவும் பிடித்த நிறுவனம் ஒன்று உண்டு, அதைப் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. பாலத்தின் டிரஸ்ட்.

மெட்வே ஆற்றின்மேல் ரோமானியர் காலத்திலேயே இங்கே பாலம் இருந்தது. லண்டனிலிருந்து கேன்டர்பரிக்கும் டோவர் துறைமுகத்துக்கும் போகிற பெருவழி இதுதான். கல் தூண்களின்மேல் மரப் பாலம். அதைப் பராமரிக்கும் பொறுப்பைத் தூண் தூணாகப் பிரித்து வைத்திருந்தார்கள். முதல் தூண் பிஷப்பின் கணக்கு. இரண்டாவது ஜில்லிங்கம், சாட்டம் ஜனங்களுடையது. நாலாவது ராஜாவினுடையது. ஹூ பகுதி ஆட்களுக்கும் பங்கு உண்டு. 1120-களில் ராச்செஸ்டர் கதீட்ரலில் எழுதிச் சேர்த்த டெக்ஸ்டஸ் ராஃபென்சிஸ் என்ற சுவடித் தொகுப்பில் இந்தக் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தின் மிகப் பழைய சட்டத் தொகுப்பான ராஜா ஏத்தல்பெர்ட்டின் சட்டம் கிடைப்பதும் அதே சுவடியில்தான். இன்றைய மெட்வே எல்லைக்குள் இருக்கும் ஊர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பாலத்தின் தூண்களைப் பங்கு போட்டுக்கொண்டு ஒன்றாக இருந்திருக்கின்றன. எனக்கு இதைப் படித்தபோது மெய்சிலிர்த்தது. உள்ளாட்சி எல்லை என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் நான் பார்த்ததில்லை: எந்தத் தூண் யாருடையது.

1381-இல் பனிக்கட்டியும் வெள்ளமும் சேர்ந்து அந்தப் பாலத்தை அடித்துப்போயின. சர் ஜான் டி கோபம், சர் ராபர்ட் நோல்ஸ் என்று இரண்டு பேர் முன்நின்று 1391-இல் முழுக்கக் கல்லாலேயே புதுப் பாலம் கட்டினார்கள். கட்டியதோடு நிற்கவில்லை. பாலத்தைக் காப்பதற்கென்றே ஓர் அமைப்பை உண்டாக்கி, அதற்கு நிலங்களை எழுதிவைக்க வழிசெய்தார்கள். 1399-இல் அது சட்டப்படி நிலைபெற்றது. அந்த நிலங்களின் வருமானத்தில்தான் இன்றைக்கும் ராச்செஸ்டர் பாலங்கள் நிற்கின்றன. சுங்கம் கிடையாது, வரிப் பணம் வாங்குவது கிடையாது. 1850-களில் இரும்புப் பாலம் போட்டுவிட்டுப் பழைய கல் பாலத்தை இடித்தார்கள். 1914-இல் அதையும் மாற்றிக் கட்டினார்கள். 1970-இல் பக்கத்திலேயே இரண்டாவது ரோடு பாலம். பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு பகுதியை எடுத்துவந்து ஆற்றங்கரைச் சாலையில் வைத்திருக்கிறார்கள். பாட்டில் வடிவத்தில் கடைந்த கற்கள், மேலே மழமழவென்று தேய்ந்திருக்கும். நான் அந்தப் பக்கம் போனால் அதில் கை வைக்காமல் வருவதில்லை.

பாலம் எத்தனையோ முறை மாறியது, அதைக் காக்கும் அமைப்பு மாறவில்லை. ராஜாக்கள், உள்நாட்டுப் போர், 1974, 1998 எதுவும் அதைத் தொடவில்லை. காரணம், அது எந்த மாவட்டத்தின் பேரிலும் இல்லை, அது தன் பேரிலேயே இருக்கிறது.

பிஷப் பீடமும் அப்படித்தான். ராச்செஸ்டர் மறைமாவட்டத்தின் எல்லை பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பழங்காலத்தில் அது மேற்குக் கென்ட். பிஷப்கள் பல காலம் ப்ராம்லியில் இருந்த அரண்மனையில் வசித்தார்கள். 1845-இல் எல்லையைத் தூக்கி மாற்றினார்கள். மேற்குக் கென்டின் பெரும்பகுதி கேன்டர்பரிக்குப் போனது. ராச்செஸ்டர் பிஷப்புக்குத் தேம்ஸுக்கு வடக்கே எசெக்ஸும் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரும் வந்தன. பிஷப் எசெக்ஸில் டான்பரி என்ற ஊருக்குக் குடிபோனார். 1877-இல் செயின்ட் ஆல்பன்ஸ் மறைமாவட்டம் உருவாகி வடக்குப் பகுதிகளை எடுத்துக்கொண்டது. அப்போது தெற்கு லண்டன் பகுதிகள் ராச்செஸ்டரிடம் வந்தன. 1905-இல் சதர்க் மறைமாவட்டம் பிறந்து அவற்றை வாங்கிக்கொண்டபோதுதான் மேற்குக் கென்ட் திரும்பி வந்தது. இன்றும் ராச்செஸ்டர் பிஷப்பின் எல்லைக்குள் லண்டனின் ப்ராம்லி, பெக்ஸ்லி பரோக்கள் இருக்கின்றன. இவ்வளவு இழுபறியிலும் பீடம் ராச்செஸ்டரில், அதே கதீட்ரலில், அதே பெயரில். எல்லை எங்கே போனாலும் பீடம் என்ற சட்ட ஆள் இருந்துகொண்டே இருந்தார்.

பீடம் இருக்கிறது. பாலத்தின் டிரஸ்ட் இருக்கிறது. வாட்ஸின் அறக்கட்டளை இருக்கிறது. ஊரை ஆண்ட கவுன்சில் மட்டும் போனது, அதோடு சிட்டியும் போனது. எல்லைகள் மாறத்தான் செய்யும். ஜனத்தொகை மாறும்போது மாற வேண்டியதும்தான். ஊருக்கென்று சொந்தமாக ஓர் அமைப்பு, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அந்த மாற்றங்களுக்கு நடுவில் உயிரோடு இருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

ஈலியைப் பாருங்கள், வெல்ஸைப் பாருங்கள். இரண்டும் சின்ன கதீட்ரல் ஊர்கள். வெல்ஸில் சுமார் 11,000 பேர். இரண்டிலும் பெரிய அதிகாரமெல்லாம் மேலே இருக்கும் கவுன்சில்களிடம்தான். ஆனால் இரண்டுக்கும் சட்டப்படி பாரிஷ் அளவிலான ஒரு கவுன்சில் உண்டு, அதுவே சிட்டி கவுன்சில் என்ற பெயரில் நடக்கிறது. சால்ஸ்பரி மாவட்டம் 2009-இல் கலைந்தபோது ஊருக்கென்று அதேபோல ஒரு கவுன்சில் வந்து பட்டத்தை வாங்கிக்கொண்டது. டர்ஹமில் அதே வருஷம் சார்ட்டர் டிரஸ்டிகள் வந்தார்கள், 2018-இல் பாரிஷ் கவுன்சிலும் வந்தது. 2023-இல் கார்லைல் கவுன்சில் கலைந்தபோதும் டிரஸ்டிகளை வைத்தார்கள். ராச்செஸ்டருக்கு நடந்ததைப் பார்த்த பிறகு மற்ற ஊர்களில் கவனமாகத்தான் இருக்கிறார்கள்.

மெட்வே கவுன்சில் சிட்டிப் பட்டத்துக்கு முயற்சி செய்யாமல் இல்லை. ஆனால் அது கேட்டது ராச்செஸ்டருக்கு அல்ல, முழு மெட்வேக்கும். 2000-இல் கேட்டது, 2002-இல் கேட்டது, 2012-இல் கேட்டது, மகாராணியின் பிளாட்டினம் ஜூபிலி வருஷமான 2022-இலும் கேட்டது. ஒவ்வொரு முறையும் வேறு ஊர்கள் வாங்கிப்போயின. 2012-இல் செம்ஸ்ஃபோர்டு. 2022-இல் மில்டன் கீன்ஸ், கோல்செஸ்டர், டான்காஸ்டர். இடையில் 2010 வாக்கில் விளம்பரங்களில் சிட்டி ஆஃப் மெட்வே என்று போட ஆரம்பித்தார்கள். விளம்பரத் தர ஆணையம் அப்படிப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டது.

மெட்வே கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் இங்கே ஏறக்குறைய 2,80,000 பேர். சாட்டத்தின் கப்பல்கட்டும் தளத்தில்தான் நெல்சனின் விக்டரி கப்பலைக் கட்டினார்கள். 1984-இல் மூடும்வரை மெட்வே ஊர்களுக்கெல்லாம் அதுதான் சோறு போட்டது. ஜில்லிங்கத்துக்காரரிடம் போய் நீங்கள் ராச்செஸ்டர் சிட்டி என்றால் கோபப்படுவார், அது நியாயமான கோபம். அவரவர் ஊர் அவரவருக்கு. அதனால்தான் முழு மெட்வேக்கும் ஒரே பட்டம் என்ற வழி எனக்குச் சரியாகப் படவில்லை. 1982-இல் செய்ததையே இன்னும் பெரிய அளவில் திரும்பச் செய்வதாகத்தான் அது முடியும். பட்டம் மறுபடியும் ஒரு மாவட்ட நிர்வாகத்தின் பேருக்குப் போகும். அந்த நிர்வாகம் எவ்வளவு நாள் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

இது வெறும் பயம் இல்லை. 2024 டிசம்பரில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, இரண்டு அடுக்கு உள்ள பகுதிகளிலெல்லாம் அதை ஒழித்து யூனிட்டரிகளாக மாற்றப்போவதாகச் சொல்கிறது. கென்டில் கவுண்டி கவுன்சிலும் 12 மாவட்ட கவுன்சில்களும் போய், மெட்வேயும் அந்தக் கலைப்பில் சேர்ந்து, எல்லைகள் புதிதாக வரப்போகின்றன. மெட்வே பக்கத்து மாவட்டங்களோடு சேரும்போது அந்தப் பெயரே இருக்குமோ இருக்காதோ.

எனக்கு உடனே கேன்டர்பரி நினைவுக்கு வருகிறது. ஆங்கிலிக்கன் சபைக்கே தலைமைப் பீடம். அங்கே சிட்டிப் பட்டம் 1974 முதல் மாவட்டத்தின் பேரில் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் கேன்டர்பரியோடு விட்ஸ்டபிள், ஹெர்ன் பே என்ற கடற்கரை ஊர்களும் சேர்ந்திருக்கின்றன. கேன்டர்பரி ஊருக்கென்று பாரிஷ் கவுன்சில் இல்லை. 1998-இல் ராச்செஸ்டர் எந்த இடத்தில் நின்றதோ அதே இடத்தில் இப்போது கேன்டர்பரி நிற்கிறது. இந்த முறை யாரும் மறக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். மாவட்டம் கலையும் நாளுக்கு முன்னால் டிரஸ்டிகளோ ஊர்க் கவுன்சிலோ இருந்தாக வேண்டும். எக்ஸெட்டர், நார்விச், லிங்கன், வின்செஸ்டர், வூஸ்டர் என்று கதீட்ரல் ஊர்களின் வரிசையே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ராச்செஸ்டருக்கு என்ன செய்யலாம்? முதலில் ஊருக்கு ஒரு கவுன்சில் வேண்டும். பட்டம் அடுத்தது. அரசர் பத்திரம் கொடுத்தாலும் அதை வாங்கி வைக்க ஓர் ஆள் வேண்டாமா? கவுன்சில் அமைக்க அரசரிடம் போக வேண்டியதில்லை. 2007-ஆம் வருஷத்து உள்ளாட்சிச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு பகுதியின் வாக்காளர்கள் தங்களுக்கு ஒரு பாரிஷ் கவுன்சில் வேண்டும் என்று மனு கொடுக்கலாம். 2,500 வாக்காளர்களுக்கு மேல் உள்ள பகுதி என்றால் அவர்களில் 7.5 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டால், மேலே இருக்கும் கவுன்சில், இங்கே என்றால் மெட்வே, அதை ஆராய்ந்தே ஆக வேண்டும். மனு வந்த 12 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். பாரிஷ் கவுன்சில் வந்தால் கவுன்சில் டாக்ஸ் பில்லில் இன்னொரு வரி சேரும். விலைவாசி இப்படி இருக்கும்போது அது சின்ன விஷயம் இல்லை. அதற்கு என் பதில், அந்த வரியைக் குறைவாக வைத்துத் தொடங்கலாம் என்பதுதான். பூங்கா, சந்தை, கில்டுஹால் போன்ற சில பொறுப்புகளை மெட்வேயிடமிருந்து வாங்கிக்கொண்டு நடத்தினால், ஜனங்கள் தங்கள் பணம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்ப்பார்கள். மெட்வேயின் கிராமங்கள் பல இதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன; கக்ஸ்டனுக்கும் ஹாலிங்குக்கும் பாரிஷ் கவுன்சில் உண்டு. ராச்செஸ்டருக்கு இல்லை.

இங்கிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். இந்தியா, இலங்கை இரண்டும் காமன்வெல்த் நாடுகள். முறையான விசாவோடு இங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை, இப்போதே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். கவுன்சில் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். பட்டியலில் பெயர் இருந்தால் இப்படிப்பட்ட மனுவில் உங்கள் கையெழுத்தும் கணக்கில் சேரும். பலருக்கு இது தெரிவதில்லை. அந்த நர்ஸ் தங்கைக்கும் தெரியாது. பில்லை மடித்து வைத்துவிட்டு, அன்றைக்கே ஃபோனில் அரசு இணையதளத்தைத் திறந்து அவரும் அவர் கணவரும் பெயரைப் பதிந்தார்கள். நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் கையில் இருந்தால் ஐந்து நிமிஷ வேலைதான். நீங்களும் பதிந்துவிடுங்கள்.